கடைசியாக ஏறுபவர்

பத்திரிகைக்காரனாக இருப்பதில் ஒரு சங்கடம் உண்டு. நமக்கு எல்லாம் தெரியும் என்று சொந்தக்காரர்கள் நம்பிவிடுகிறார்கள். எந்த காலேஜ், எந்த ஆஸ்பத்திரி, எந்த மியூச்சுவல் ஃபண்ட் என்று ஆரம்பித்து, கடைசியில் வந்து நிற்கும் கேள்வி: “என்ன வண்டி வாங்கலாம்?”

நான் படித்தது பி.காம். கியர் பாக்ஸைப் பற்றி என்னிடம் கேட்பவர் ஜாதகத்தை எலெக்ட்ரீஷியனிடம் நீட்டுகிறவர். ஆனாலும் இந்தக் கேள்விக்கு மட்டும் நான் காபி போடச் சொல்லி உட்கார்ந்துகொள்வேன். காரணம், கார் விஷயத்தில் நம் ஜனங்கள் சொல்கிற தேவை ஒன்றாகவும் வாங்குகிற வண்டி வேறாகவும் இருக்கும். அந்த இடைவெளியைப் பார்ப்பது ஒரு சுவாரசியம்.

தேவையைக் கேளுங்கள். “அப்பா அம்மா கூட இருக்காங்க. ரெண்டு பசங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவை ஊருக்குப் போகணும். ஒரு தடவை திருப்பதி. நடுவுல கல்யாணம் காட்சின்னா மாமியார் வீட்டையும் அள்ளிப் போட்டுக்கணும்.”

இவ்வளவையும் கேட்டுவிட்டு, “அப்ப வேன் மாதிரி ஏதாவது வாங்குங்களேன்” என்று சொல்லிப் பாருங்கள். முகம் சுருங்கிவிடும். “வேனா? நான் கார் கேட்டேன் சார்!”

தமிழில் ‘வேன்’ என்ற சொல் பாவம் செய்த சொல். ஸ்கூல் வேன், பால் வேன், போலீஸ் வேன். சினிமாவில் கதாநாயகியின் தங்கையைக் கடத்த வேண்டும் என்றால் மாருதி ஆம்னிதான் வரும். கதவு சர்ரென்று விலகும், நாலு கைகள் இழுக்கும், கதவு மூடும். அந்தக் கதவு எவ்வளவு வசதியானது என்பதை வில்லன்கள் மட்டும் புரிந்துகொண்டிருந்தார்கள். 1984-ல் ‘மாருதி வேன்’ என்ற பெயரில் வந்து, பிறகு ஆம்னி ஆகி, விபத்துப் பாதுகாப்பு விதிகள் இறுகிய 2019-ல் அது விடைபெற்றது. முப்பத்தைந்து வருடம் பூவும் காய்கறியும் பிள்ளைகளும் சுமந்த வண்டிக்கு நாம் கொடுத்த பட்டம், ‘கடத்தல் வண்டி’.

எஸ்.யூ.வி.க்கு அந்தத் தோஷம் இல்லை. நிமிர்ந்த மூக்கு, பெரிய சக்கரம், மலையேறப் போகிற தோரணை. நம் ஊரில் ஏற மலை என்று பார்த்தால் பரங்கிமலைதான். அங்கே ஆட்டோவும் ஏறுகிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம். வேனா, எஸ்.யூ.வி.யா என்ற வழக்குக்கு உலகம் சுற்ற வேண்டாம். ஊரைத் தாண்டி ஒரகடம் போனால் போதும்.

ரெனோவும் நிஸானும் சேர்ந்து அங்கே கட்டிய தொழிற்சாலை 2010-ல் திறக்கப்பட்டது. 2012-ல் அதிலிருந்து இரண்டு வண்டிகள் சில மாத இடைவெளியில் வந்தன. ஒன்று ரெனோ டஸ்டர், எஸ்.யூ.வி. இன்னொன்று நிஸான் இவாலியா, வேன். இரண்டிலும் டீசல் எஞ்சின் ஒரே குடும்பம், 1.5 லிட்டர். டஸ்டரில் ஐந்து பேர். இவாலியாவில் ஏழு பேர், இரண்டு பக்கமும் நகரும் கதவு.

டஸ்டர் பிய்த்துக்கொண்டு போனது. 2013-ன் சிறந்த இந்தியக் கார் விருதும் வாங்கியது. இவாலியாவை யாரும் சீண்டவில்லை. நடு வரிசை ஜன்னலை இறக்க முடியாது என்று ஒரு நியாயமான குறை இருந்தது. 2013-ல் அதைத் திருத்தினார்கள். அப்போதும் போகவில்லை. அதே வண்டியை நம்ம ஊர் அசோக் லேலண்ட் ‘ஸ்டைல்’ என்று பெயர் மாற்றி அதே வருடம் விற்றுப் பார்த்தது. பெயரில் மட்டும் ஸ்டைல் இருந்து என்ன செய்ய? 2015-ல் கடையைக் கட்டினார்கள்.

அதே 2015-ல் ரெனோ இன்னொரு தடவை துணிந்தது. லாட்ஜி என்ற ஏழு, எட்டு பேர் வண்டி. டஸ்டருக்கு உறவுக்காரன், அதே 1.5 டீசல். டஸ்டரைவிட நீளம் 183 மில்லிமீட்டர்தான் அதிகம், அதாவது ஒரு சாண் கூட இல்லை. அந்த இடத்துக்கு இன்னும் இரண்டு மூன்று பேர் உட்காரலாம். பொருளாதாரப் பாடப் புத்தகத்தில் வரும் ‘பகுத்தறிவுள்ள நுகர்வோர்’ மயிலாப்பூரில் குடியிருந்தால் எதை வாங்கியிருப்பார்? அவர் அங்கே இல்லை போலிருக்கிறது. 2020-ல் லாட்ஜியும் போய்விட்டது.

ஆக, ஒரே தொழிற்சாலை, ஒரே வகை எஞ்சின். ஒன்றுக்குக் கூட்டம், மற்றதற்கு ஈ. ஆராய்ச்சிக்கூடத்தில்கூட இவ்வளவு சுத்தமாகப் பரிசோதனை செய்ய முடியாது.

இதில் வேடிக்கை, 2012-ல் வந்த டஸ்டருக்கு நான்கு சக்கர இயக்கமே கிடையாது. முன் சக்கரம் மட்டும்தான் இழுக்கும், சின்னக் கார் மாதிரி. நாலு சக்கர இயக்கம் 2014-ல்தான் வந்தது. 2015 முதல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தயாராகி நாடு முழுக்கச் சக்கைப்போடு போடும் ஹூண்டாய் க்ரெட்டாவும் இங்கே முன் சக்கர வண்டிதான். காட்டு வண்டி தோற்றம், கச்சேரி ரோடு எஞ்சின். தப்பில்லை. நாம் போவதும் கச்சேரி ரோடுதானே! ஆனால் அப்படியானால் நாம் வாங்கியது என்ன என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

கம்பெனிக்காரர்கள் யோசித்துவிட்டார்கள். வேனை விற்க ஒரே வழி, அதை வேன் என்று சொல்லாமல் விற்பது.

மாருதி எர்டிகா 2012-ல் வந்த ஏழு பேர் வண்டி. வாடகைக்கும் வீட்டுக்கும் நன்றாகவே ஓடுகிறது. 2019-ல் அதே எர்டிகாவின் மூக்கை நிமிர்த்தி, ஓரத்தில் கறுப்புப் பட்டை ஒட்டி, ஒரு சீட்டைக் கழற்றி, எக்ஸ்.எல்.6 என்று பெயர் வைத்து, கூடுதல் விலைக்கு ஆடம்பரமான ஷோரூமில் நிறுத்தினார்கள். அளவைக் குறைத்து விலையைக் கூட்டினால் மளிகைக் கடையில் சண்டைக்குப் போவோம். இங்கே அட்வான்ஸ் கொடுத்தோம்.

இன்னோவா கதை இன்னும் ருசி. 2005-ல் குவாலிஸின் இடத்துக்கு வந்த இன்னோவா, எப்படிப் பார்த்தாலும் ஒரு வேன். ஆனால் தமிழ்நாட்டில் யாரும் அதை வேன் என்று சொன்னதில்லை. இன்னோவா என்றால் இன்னோவா, அவ்வளவுதான். 2012 டிசம்பரில் நாஞ்சில் சம்பத் அ.தி.மு.க.வில் சேர்ந்தபோது பிரசாரத்துக்காக ஜெயலலிதா கொடுத்த வண்டி அது. அதோடு அவர் பெயருக்கு முன்னாலேயே ஒட்டிக்கொண்டது. ஒரு வேனுக்கு இதைவிட அரசியல் அந்தஸ்து வேண்டுமா? 2022-ல் வந்த இன்னோவா ஹைகிராஸைப் பாருங்கள். அடியில் பழைய லாரி மாதிரி சட்டம் போய், கார் மாதிரி ஒரே கூடாக, முன் சக்கரம் இழுக்கும் வண்டியாக மாறிவிட்டது. அதாவது உள்ளுக்குள் முன்னைவிட அசல் மினிவேன். வெளியே முன்னைவிட எஸ்.யூ.வி. வேஷம்.

இந்த வேஷத்தில் மயங்காத ஒரே ஆசாமி, வரி வசூலிக்கிறவர்.

நம்ம சிவகங்கைக்காரர் ப.சிதம்பரம் 2006 பட்ஜெட்டில் 4 மீட்டருக்குள் இருக்கும் சின்னக் கார்களுக்கு உற்பத்தி வரியைக் குறைத்தார். நான்கு மீட்டருக்குள் எஸ்.யூ.வி. தோற்றத்தை மடித்து வைக்கும் கலை பிற்பாடு வளர்ந்தது அப்படித்தான். மறைமலை நகரில் 2013 முதல் தயாரான ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட் நீளம் 3,999 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் மிச்சம் வைத்து வரி கட்டிய வண்டி! 2013 பட்ஜெட்டில் அவரே, எஸ்.யூ.வி.க்கள் சாலையையும் பார்க்கிங்கையும் அதிகம் அடைக்கின்றன என்று காரணம் சொல்லி, பெரிய எஸ்.யூ.வி.க்களின் வரியை 27-லிருந்து 30 சதவிகிதமாக்கினார். டாக்ஸியாகப் பதிவானால் அந்த உயர்வு கிடையாது. அங்கேயே ஒரு தத்துவம் இருக்கிறது. அதே வண்டி நாலு பேருக்குப் பயன்பட்டால் மன்னிப்பு.

பிறகு ஜி.எஸ்.டி. வந்தது. எஸ்.யூ.வி. என்றால் என்ன என்று கவுன்சில் தலையைப் பிய்த்துக்கொண்டது. 2023 ஜூலையில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். எஸ்.யூ.வி., எம்.பி.வி., எக்ஸ்.யூ.வி., இன்னும் எந்தப் பெயர் வைத்தாலும் சரி. நீளம் 4 மீட்டருக்கு மேல், எஞ்சின் 1,500 சி.சி.க்கு மேல், ஆள் ஏறாதபோது தரை இடைவெளி 170 மில்லிமீட்டராவது இருந்தால் 22 சதவிகித செஸ். 2025 செப்டம்பரில் செஸ்ஸையும் எடுத்துவிட்டு, பெரிய வண்டிகள் எல்லாவற்றுக்கும் ஒரே 40 சதவிகிதம் என்றாக்கிவிட்டார்கள். நாம் பெயரில் வித்தியாசம் பார்த்தோம். சர்க்கார் டேப்பை வைத்து அளந்து, எல்லாம் ஒரே ஜாதி என்று சொல்லிவிட்டது. சமத்துவம் ஏதோ ஒரு வழியில் வந்தால் சரி.

நாமும் அந்த டேப்பை வாங்கி அளந்து பார்க்கலாமே.

கட்டட விதிகள் ஒரு காருக்கு ஒதுக்கச் சொல்லும் இடம் 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். அடையாறிலும் தி.நகரிலும் பழைய ஃப்ளாட்களில் அதுவும் கிடைக்காது. தூணும் மோட்டார் ரூமும் கொஞ்சம் தின்றுவிடும். மஹிந்திரா ஸ்கார்ப்பியோ-என் அகலம் 1,917 மில்லிமீட்டர். நடுவில் கச்சிதமாக நிறுத்தினாலும் இரண்டு பக்கமும் ஓர் அடிக்குக் குறைவாகத்தான் மிஞ்சும். அந்த இடத்தில் கதவைத் திறந்து மனிதர் இறங்க முடியாது. மனிதரின் நிழல் இறங்கலாம். மாருதி ஈக்கோ அகலம் 1,475. ஒவ்வொரு பக்கமும் அரை மீட்டர் மிச்சம். அதோடு கதவு வெளியே விரியாமல் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். மாட வீதியில் பூக்கடைக்கும் ஸ்கூட்டருக்கும் நடுவே ஒருவர் இறங்க வேண்டும் என்றால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது தினமும் அங்கே இறங்குகிறவர்களுக்குத் தெரியும். மெட்ரோவுக்காக லஸ் முனையைத் தோண்டிய பிறகு இன்னும் நன்றாகத் தெரியும்.

இன்னொரு கணக்கு. ஒரகடத்திலேயே 2019 முதல் ரெனோ ட்ரைபர் தயாராகிறது. நீளம் 3,990 மில்லிமீட்டர். அதே தொழிற்சாலையில், அதே குடும்பத்து 1 லிட்டர் எஞ்சினோடு, 2020 கடைசியில் நிஸான் மேக்னைட்டும் 2021-ல் ரெனோ கைகரும் வந்தன. எஸ்.யூ.வி. வேஷம். நீளம் கிட்டத்தட்ட மில்லிமீட்டர் சுத்தமாக அதே. ட்ரைபரில் ஏழு சீட், மற்ற இரண்டிலும் ஐந்து. பி.காம். படித்தவனுக்கு எதையும் வகுத்துப் பார்க்கும் வியாதி உண்டு. விலையை சீட்டால் வகுத்தால் யார் ஜெயிப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அதே பி.காம்.தான் வேறொன்றும் சொல்லிக்கொடுக்கிறது: சும்மா கிடக்கும் உற்பத்தித் திறன். வீட்டில் மூன்று பேர், வருடத்தில் ஒரு நாள் ஏழு பேர் என்றால், மீதி 364 நாளும் நாலு காலி சீட்டுக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டிருப்பீர்கள். அந்த ஒரு நாளைக்கு வாடகை இன்னோவா எடுப்பதுதான் புத்திசாலித்தனம். அப்புறம், ஏழு சீட் என்றால் ஏழு பேரும் சாமான்களும் என்று நினைத்துவிடக் கூடாது. ட்ரைபரில் ஏழு பேரும் உட்கார்ந்தால் டிக்கியில் மிச்சம் 84 லிட்டர். திருப்பதி லட்டுப் பைகளை வைக்கலாம்; போகும்போது கொண்டு போன பெட்டிகளை யார் மடியில் வைப்பது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். கடைசி வரிசையைக் கழற்றினால் 625 லிட்டர். அப்போது மாமியாரை எங்கே வைப்பது?

எஸ்.யூ.வி. கட்சியின் பெரிய வாதம் வெள்ளம். இதைக் கிண்டல் செய்ய எனக்கு மனசில்லை. 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறியபோது கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் தண்ணீருக்குள் கார்கள் கிடந்ததைப் பார்த்தவர்கள், ‘இனிமே உசரமான வண்டிதான்’ என்று முடிவெடுத்ததில் நியாயம் இருக்கிறது. ஸ்பீட் பிரேக்கர் விஷயத்திலும் அப்படியே. நம் ஊர் ஸ்பீட் பிரேக்கர்கள் வேகத்தைத் தடுப்பதற்காகப் போட்டவையா, வண்டியின் வயிற்றைத் தடவிப் பார்ப்பதற்காகப் போட்டவையா என்று சந்தேகம் வரும். ஏழு பேர் ஏறிய வேன் அதில் உரசத்தான் செய்யும்.

ஆனால் மறுபடி டேப். டஸ்டரின் தரை இடைவெளி 205 மில்லிமீட்டர். லாட்ஜி 174. வித்தியாசம் 31 மில்லிமீட்டர், ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. மேடு பள்ளத்துக்கு அந்த ஓர் அங்குலம் உதவும். முழங்கால் அளவு தண்ணீருக்கு அது பொருட்டே இல்லை. காற்று போகிற குழாயில் தண்ணீர் ஏறினால் எந்த எஞ்சினும் மூச்சடைத்து நிற்கும். நின்ற வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் செய்தால் மொத்தமும் போச்சு. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் ஜனங்கள் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, ஞாபகம் இருக்கிறதா? அந்த வரிசையில் எஸ்.யூ.வி.க்களும் நின்றன. வெள்ளத்துக்கு மருந்து உயரமான கார் அல்ல, உயரமான இடம் என்பதை வேளச்சேரிக்காரர்கள் அனுபவத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அப்படியானால் ஏன் எல்லோரும் எஸ்.யூ.வி. வாங்குகிறார்கள்? 2024-25-ல் இந்தியாவில் விற்ற பயணிகள் வாகனங்களில் 65 சதவிகிதம் ‘யுடிலிட்டி வாகனங்கள்’ என்கிறது உற்பத்தியாளர் சங்கமான சியாம். அதில் எர்டிகாவும் இன்னோவாவும் அடக்கம் என்றாலும், மீதியெல்லாம் பெரும்பாலும் மூக்கு நிமிர்ந்தவைதான். இவ்வளவு பேரும் ஏமாளிகளா என்ன?

அமெரிக்காவிலும் இதே கதை நடந்தது. லீ அயகோக்கா தலைமையில் கிரைஸ்லர் 1983 கடைசியில் மினிவேனைக் கொண்டுவந்தது. நம்ம மாருதி வேனுக்குக் கொஞ்சம்தான் மூத்தது. அமெரிக்கக் குடும்பங்கள் அள்ளிக்கொண்டு போயின. 2000-ல் வருடத்துக்கு 13 லட்சத்துக்கு மேல் விற்றது. பிறகு சரிவுதான். அந்த வேனின் பின் சீட்டில் வளர்ந்த பிள்ளைகள், தாங்கள் சம்பாதிக்க ஆரம்பித்ததும், ‘அது அம்மா ஓட்டுற வண்டி’ என்று எஸ்.யூ.வி. பக்கம் போனார்கள். அந்த அம்மா எத்தனை வருடம் அவர்களை அதில் பள்ளிக்கூடத்துக்கும் மைதானத்துக்கும் கொண்டுபோய் விட்டாள் என்பது கணக்கில் வரவில்லை.

ஜப்பானில் அப்படி ஆகவில்லை. அங்கே வருடக்கணக்காக விற்பனையில் முதலிடத்தில் நிற்கும் ஹோண்டா என்-பாக்ஸ், பெட்டி மாதிரி ஒரு குட்டி வண்டி. பின் கதவுகள் நகரும் கதவுகள். டோக்கியோவின் சந்துகளும் வயதான ஜனத்தொகையும் சேர்ந்து எடுத்த முடிவு அது. நமக்கும் சந்து இருக்கிறது. வயதானவர்கள் இருக்கிறார்கள். முடிவு மட்டும் வேறு.

இதற்கு விடை எனக்கு ஒரு கோடி ரூபாய் வண்டியிலிருந்து கிடைத்தது. டொயோட்டா வெல்ஃபயர் என்று ஒரு வண்டி. இன்றைக்கு ஒரு கோடிக்கு மேல் விலை. சினிமா நட்சத்திரங்களும் தொழிலதிபர்களும் வாங்குகிறார்கள். அது என்ன தெரியுமா? நகரும் கதவு வைத்த, பெட்டி மாதிரி உடம்பு கொண்ட, சுத்தமான வேன்! நினைத்தால் எந்த எஸ்.யூ.வி.யையும் வாங்கக்கூடியவர்கள் ஏன் வேனில் ஏறுகிறார்கள்? அவர்கள் பின்னால் உட்காருகிறவர்கள். ஓட்டுவதற்கு டிரைவர் இருக்கிறார்.

விஷயம் அவ்வளவுதான். பணம் கொடுப்பவர் பின்னால் உட்கார்ந்தால் வேன் வாங்குகிறார். முன்னால் உட்கார்ந்தால் எஸ்.யூ.வி. வாங்குகிறார். நடுத்தரக் குடும்பத்தில் இ.எம்.ஐ. கட்டுகிறவர்தான் ஸ்டீயரிங் பிடிக்கிறார். உயரத்தில் உட்கார்ந்து உலகத்தைப் பார்க்கிற சுகம் அவருக்கு. பின் சீட்டுக்கு வீட்டில் ஓட்டு கிடையாது.

இதை நான் ஷோரூமில் கற்கவில்லை. என் சித்தியிடம் கற்றேன்.

சித்திக்கு எழுபத்து நாலு வயது. மயிலாப்பூரில் மகனோடு இருக்கிறாள். மூன்று வருடத்துக்கு முன் இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன். அதே சமயத்தில் தம்பி, அதாவது சித்தியின் மகன், ஆசைப்பட்டு ஒரு பெரிய எஸ்.யூ.வி. எடுத்தான். நல்ல வண்டி, குறை சொல்ல ஒன்றுமில்லை. அம்மாவை வைத்துத்தான் பூஜை போட்டான். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியபோது எல்லோரும் கை தட்டினோம்.

அதற்குப் பிறகு சித்தி வெளியே வருவது குறைந்துகொண்டே போனது. பீச்சுக்குக் கூப்பிட்டால், “கால் வலிக்குது, நீங்க போயிட்டு வாங்க.” கல்யாணத்துக்குக் கூப்பிட்டால், “கூட்டம் ஒத்துக்கலை.” அறுபத்து மூவர் பார்க்கத் தெருமுனை வரைகூட வரவில்லை. “அம்மாவுக்கு வயசாயிடுச்சு அண்ணா. எதுலயும் இன்ட்ரஸ்ட் இல்ல. டி.வி. போதும்ங்கறாங்க” என்றான் தம்பி. எங்கள் எல்லோருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

போன தை மாசம் தி.நகரில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். காலை முகூர்த்தம். தம்பி குடும்பம் முதல் நாளே மண்டபத்துக்குப் போய்விட்டது. சித்தி வழக்கம்போல வரவில்லை என்று சொல்லிவிட்டாள். விடியற்காலை ஐந்தரைக்கு நான் மண்டப வாசலில் நிற்கிறேன். சமையல் கான்ட்ராக்டரின் ஈக்கோ வந்து நின்றது. கதவு சர்ரென்று விலகியது. பின்னால் வாழையிலைக் கட்டு, பூசணிக்காய், கரண்டிகள். நடு சீட்டில் பட்டுப் புடவையோடு என் சித்தி!

ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஒரு காலைத் தரையில் வைத்தாள். அடுத்த காலை வைத்தாள். இறங்கிவிட்டாள். யாரும் தாங்கிப் பிடிக்கவில்லை.

சமையல்காரர் இலை எடுக்க சித்தி வீட்டுத் தெருவுக்குத்தான் வந்திருக்கிறார். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த வேலைக்காரப் பெண்ணிடம் பேச்சுக் கொடுக்க, உள்ளே இருந்து சித்தி, “தி.நகர்தானே போறீங்க, அஞ்சு நிமிஷம் இருங்க” என்று சொல்லிவிட்டுப் புடவை மாற்றப் போய்விட்டாளாம்.

“என்ன சித்தி, வரலைன்னு சொன்னே?”

“அவன் வண்டியில ஏறணும்னா ஒருத்தன் மேல இருந்து இழுக்கணும், ஒருத்தி கீழே இருந்து தள்ளணும். தெருவே வேடிக்கை பார்க்கும். இதுல அப்படியே வீட்டுத் திண்ணையில ஏறி உக்கார்ற மாதிரி இருந்துச்சுடா கண்ணு.”

“இதைத் தம்பிகிட்டே சொல்லலாமே?”

“ஆசையா வாங்கியிருக்கான். போய் அதைக் குறை சொல்லச் சொல்றியா?”

அன்றைக்கு சித்தி பந்தி முடிந்தும் கிளம்பவில்லை. மாலை ரிசப்ஷன் வரை இருந்து, மேடை ஏறி போட்டோவும் எடுத்துக்கொண்டாள்.

மூன்று வருடம் ஒரு பெண்மணி வீட்டில் உட்கார்ந்ததற்குக் காரணம் வயசு என்று ஒரு குடும்பமே நம்பிக்கொண்டிருந்தது. காரணம், வண்டியின் படி. அது எத்தனை சென்டிமீட்டர் என்று எந்த விளம்பரத்திலும் போடுவதில்லை. தரையிலிருந்து வண்டியின் வயிற்றுக்கு எவ்வளவு என்று போடுகிறார்கள். தரையிலிருந்து பாட்டியின் காலுக்கு எவ்வளவு என்று போடுவதில்லை.

உடனே எல்லோரும் ஈக்கோ வாங்குங்கள் என்று சொல்ல வரவில்லை. உயரமான சீட் எல்லா வயதானவர்களுக்கும் எதிரி என்றும் சொல்லவில்லை. பழைய தாழ்வான கார்களில் குனிந்து விழுந்து எழுந்தவர்களுக்கு, இடுப்பளவு உயரத்தில் சீட் இருப்பது வரப்பிரசாதம். சில சின்ன எஸ்.யூ.வி.க்கள் அந்த விஷயத்தில் அருமை. சில வேன்களின் மூன்றாவது வரிசைக்குப் போக யோகாசனம் தெரிந்திருக்க வேண்டும். பெயர்ப் பலகையைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பதுதான் பாடம். ஆளை ஏற்றிப் பார்த்தால் தெரியும்.

தம்பியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கார் பாகங்கள் விற்கும் கடைக்குப் போய், பக்கவாட்டில் மிதிபடி ஒன்றும் உள்ளே கைப்பிடி ஒன்றும் மாட்டிக்கொண்டு வந்தான். சித்தி இப்போது பீச் வரை வருகிறாள். முழுத் தீர்வு இல்லை. அடுத்த வண்டி வாங்கும்போது அம்மாதான் முதலில் ஏறிப் பார்ப்பாள் என்கிறான்.

நீங்கள் வண்டி வாங்கப் போவதாக இருந்தால் எனக்கு போன் பண்ண வேண்டாம். வீட்டிலேயே வயசானவரையும், குழந்தை சீட்டைத் தூக்க வேண்டியவரையும் ஷோரூமுக்கு அழைத்துப் போங்கள். சேல்ஸ்மேன் உங்களை ஸ்டீயரிங் பக்கம் இழுப்பார். ஏ.சி.யைப் போட்டுக் காட்டுவார், கூரையைத் திறந்து காட்டுவார். “அப்புறம் பார்க்கறேன் தம்பி” என்று சொல்லிவிட்டு ஓரமாக நில்லுங்கள். பாட்டியை நடு வரிசையில் ஏறச் சொல்லுங்கள். பிறகு இறங்கச் சொல்லுங்கள். இரண்டு தடவை. நீங்களும் ஒரு தடவை கடைசி வரிசையில் போய் முழங்காலை மடக்கி உட்காருங்கள், பத்து நிமிஷம்.

அப்புறம் ஒரு டேப் எடுத்துக்கொண்டு போய் உங்கள் ஃப்ளாட் பார்க்கிங்கின் இரண்டு தூண்களுக்கு நடுவே அளந்துவிட்டு, கலரைப் பற்றிப் பேச ஆரம்பியுங்கள்.